நாற்பத்தி நாலாவது ஏரோப்பிளான்

இல்லைங்க பத்தரே, தோட்டுல ஒரு கொறையும் இல்லை. நீங்க செஞ்சு குடுத்தபடியே இருக்குது, பாருங்க, திருகாணியைக்கூட ஒரு தடவை கழட்டலை. என்ற பேத்தி காதுலயும் ஒரு கொறையில்லை. நடுவுல கெடுத்தது ஒரு வரிசை. ஏரோப்பிளான் வரிசை.

சிரிக்காதீங்க. ரேசன் கடை வரிசை பாத்திருக்கீங்க, ஓட்டுப் போடற வரிசை பாத்திருக்கீங்க. ஏரோப்பிளானுக்கும் வரிசை உண்டுங்க. நான் நின்னிருக்கேன். நின்னேன்னா, உள்ளார உக்காந்திருந்தேன்.

இதை உருக்கிருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். மோதிரமோ என்னமோ, உங்க இஷ்டம். என்ற ஊட்டுக்காரி பாப்பாத்தி கண்ணுல படாம இருந்தாச் சரி. பீரோவைத் தொறக்கறப்பெல்லாம் இந்த டப்பாவை எடுத்து வெச்சுக்கிட்டு மூக்கைச் சிந்தறா. அமெரிக்கால இருந்து வந்து இருபது நாளாச்சு, இன்னும் ஓயலை. கடையில ஆளில்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். சித்தெ உக்காந்துக்கறனுங்க, முட்டி வலிக்குது.

என்ற மக வளர்மதி கல்யாணத்துக்கு அவ அண்ணன் பூபதி வரலைங்கறது உங்களுக்குத் தெரியும். தாலி நீங்கதானே செஞ்சீங்க. மச்சினன் கையைப் புடிச்சு மாப்பிள்ளையை மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப பங்காளி ஊட்டுப் பையன் கையைப் புடிச்சான். அன்னைக்கு அவ மொகத்தை நான் நிமிந்து பாக்கலை. அதுக்கப்பறம் அண்ணனும் தங்கச்சியும் பேச்சு வார்த்தை இல்லை. ஆறு வருசம். ரெண்டு பேரும் அதே அமெரிக்காவுலதான் இருக்காங்க. காருல போனா பத்து மணி நேரம்.

அவன் வரணும்னுதான் இருந்தான். டிக்கெட்டெல்லாம் போட்டுட்டான். புதுசாச் சேந்த வேலை, லீவு போட்டா என்ன ஆகுமோங்கற மாதிரி போனுல இழுத்தான். நாந்தான் சொன்னேன், வேலைதான்டா முக்கியம், டிக்கெட்டை ரத்து பண்ணு, இங்க நான் பாத்துக்கறேன்னு. அதை வளர்மதிகிட்ட நான் சொல்லலை. கல்யாணத்தப்ப எதுக்குங்க அதெல்லாம்.

வெசயம் என்னன்னா, அவளுக்குப் பொறந்த பாப்பா, நித்திலா, மூணு வயசாகியும் காது குத்தலை. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும்னு நம்மள்ல வழக்கம். வேணும்னா அவ யார் மடியிலயாவது வெச்சுக் குத்தியிருக்கலாம். யாரு கேக்கப் போறா அந்த ஊர்ல? குத்தலை. அண்ணனைக் கூப்பிடவும் இல்லை, குத்தவும் இல்லை. பாப்பாத்தி சொன்னா, “உங்களுக்குப் புரியலையா, அவ காத்துக்கிட்டு இருக்கறா”ன்னு. எனக்கு அப்பறம்தான் உறைச்சுது.

அதனாலதான் இந்த வருசம் ரெண்டு பேரும் கிளம்பினோம். பாப்பாத்தி நேரா மக ஊட்டுக்குப் போயிட்டா. நான் மகன் ஊட்டுக்கு. அவ அந்தப் பக்கம் இருந்து தள்றது, நான் இந்தப் பக்கம் இருந்து இழுக்கறது. ஒரு மாசம் இழுத்தோம். கடைசியில ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நம்ம ஜோசியருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை, அந்த ஊரு நேரத்துக்குச் சாயங்காலம் நாலரையில இருந்து ஆறு. அங்க ஒரு கோயில் இருக்குதுங்க, மண்டபம் சொல்லியாச்சு. காது குத்தறதுக்குச் சேந்தமங்கலத்துப் பொண்ணு ஒண்ணு, ஆஸ்பத்திரி நர்ஸு, வர்றேன்னுருச்சு. ஆனா ஆறரைக்கு அதுக்கு டூட்டி. தோடு என்ற சட்டைப் பையில. பூபதி கையால போடணும்னு நீங்க செஞ்சு குடுத்த இதே தோடு.

சரி, ஏரோப்பிளான் எங்க வந்துச்சுன்னு கேக்கறீங்களா? அது பூபதியோடது. அவனோடதுன்னா, மூணு பேரு கூட்டுச் சேந்து வாங்கினது. நம்ம ஊர்ல போர்வெல் வண்டி கூட்டுல வாங்கற மாதிரி. நாலு பேரு உக்காரலாம். மாருதி காருக்கு ரெக்கை வெச்சாப்பல இருக்கும். மூணே சக்கரம். ஓட்டறதுக்குப் பரீச்சை எழுதி லைசென்சு வாங்கியிருக்கான். லாரிக்காரன் மகன் ஏரோப்பிளான் ஓட்டறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறீங்க?

அங்க வருசா வருசம் ஏரோப்பிளானுக்குன்னே ஒரு நோம்பி, நம்மூரு தேர்த் திருவிழாவாட்ட, நடக்குது. ஏரோப்பிளான் வெச்சிருக்கறவன் எல்லாம் அதுலயே பறந்து வந்து ஒரே மைதானத்துல எறங்கறான். ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்குல. நம்ம லாரிப் பேட்டையைவிட எத்தனையோ மடங்கு. புல்லுல வரிசையா நிறுத்தி, ரெக்கைக்கு அடியில கூடாரம் போட்டுப் படுத்துக்கறாங்க. பூபதி சொன்னான், “அப்பா, வியாழக்கிழமை போயி அங்க ரெண்டு நாள் தங்குவோம். சனிக்கிழமை காலையில அப்படியே வளர்மதி ஊருக்குப் பறந்துரலாம். ரெண்டே மணி நேரம்.” நேரா மக ஊட்டுக்கே போயிரலாமான்னும் கேட்டான். நாந்தான், இவ்வளவு தூரம் வந்துட்டு உன்ற நோம்பியைப் பாக்காமப் போறதான்னேன்.

சனிக்கிழமை காலைல எழுப்பறப்பவே சொன்னான்.

“ஒம்பது மணிக்கு வரிசையில நுழைஞ்சிரணுமுங்கப்பா. இன்னைக்கு எல்லாரும் கிளம்புவாங்க. ஒண்ணரை மணிக்கு ஓடுபாதையை மூடிருவாங்க.”

“எதுக்கு மூடறான்?”

“மத்தியானம் வானத்துல சாகசம் காட்டுவாங்க. மூடிட்டா ஆறு மணி வரைக்கும் நாம நகர முடியாது.”

“ஒண்ணரைக்கு இன்னும் எவ்வளவு நேரங் கெடக்குது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சயா?”

“அப்பா, இது லாரி இல்லீங்கப்பா.”

“லாரி தரையிலதான் போகுது. அதுக்கே வெக்கறோம்.”

சூடத்தையும் எடுத்தேன். இங்க இருந்தே கொண்டு போயிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டான், “பெட்ரோல் நிக்கற எடமுங்க, புடிச்சு உள்ள வெச்சிருவாங்க”ன்னு. சரின்னு சூடத்தை விட்டுக் குடுத்துட்டேன். பழத்தை விட்டுக் குடுக்க முடியாதுங்களே. நல்ல காரியத்துக்குப் போற வண்டி.

பழம் தேடிப் போனேன். அந்த மைதானம் ஒரு ஊரு பெருசு. கோழி பொரிக்கறான், சோளம் சுடறான், தொப்பி விக்கறான், எலுமிச்சம்பழத்தை மட்டும் எவனும் விக்கலை. கடைசியில ஒரு பொண்ணு எலுமிச்சை சர்பத் வித்துட்டு இருந்துச்சு. நாலு வேணும்னு விரலைக் காட்டினேன். நாலு டம்ளர் ஊத்தி முன்னால வெச்சிருச்சு. ஒவ்வொண்ணும் சொம்புத் தண்ணி புடிக்கும். என்ன பண்றது? காசு குடுத்தாச்சு. வீணாக்கலாமுங்களா? நின்னு நாலையும் குடிச்சேன். எனக்குச் சக்கரை இருக்கறது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் குடிச்சேன். அப்பறம் பழத்தைத் தொட்டுக் காட்டி, நாலு விரலைக் காட்டினேன். அது சிரிச்சுக்கிட்டே சும்மாவே குடுத்துச்சு.

திரும்பி வர்றப்ப பத்தே காலு. பூபதி ரெக்கைக்கு அடியில நின்னு வாட்ச்சைப் பாத்துட்டு இருந்தான். மூணு சக்கரத்துக்கும் மூணு பழம் வெச்சேன். நாலாவது மிஞ்சிருச்சு, பழக்க தோசத்துல நாலு கேட்டுட்டேன். அதைச் சட்டைப் பையில தோட்டு டப்பாவோட போட்டுக்கிட்டேன். வண்டியை எடுத்தான். பின்னால ரெண்டு பழமும் பட்டுனு நசுங்குச்சு. முன்சக்கரத்துப் பழம் நசுங்காம உருண்டு ஓடிருச்சு. அப்பவே மனசுல சுருக்குனுச்சுங்க.

வரிசையில நுழைஞ்சோம். எனக்கு எண்ணிப் பாக்கற பழக்கம், டோல் கேட்டுலயும் எண்ணுவேன். முன்னால நாப்பத்தி மூணு ஏரோப்பிளான். நம்முளுது நாப்பத்தி நாலாவது. பத்தடி நகரும், நிக்கும். பத்தடி நகரும், நிக்கும். ஆரஞ்சு சட்டை போட்ட ஆளுங்க கையில ரெண்டு குச்சி வெச்சுக்கிட்டு வழி காட்டறாங்க. குச்சியைப் பெருக்கல் குறி மாதிரி தூக்கிப் புடிச்சா நிக்கணும். எங்களுக்கு வாச்சது என்ற வயசுக் கிழவன். அந்தப் பெருக்கல் குறியை எறக்கவே மாட்டேங்கறான். மேல இருந்து எறங்கறவன் எறங்கிக்கிட்டே இருக்கான், ரெண்டு ரெண்டாக் கூட எறங்கறான். எறங்கறவனுக்குத்தான் மொதல் மரியாதை. ஏற வேண்டியவன் நாலு எறங்கினா ஒண்ணு ஏறலாம்.

ஓரமா ஏறி முன்னால போயிர்றான்னு சொன்னேன். சங்ககிரி ரயில்வே கேட்டுல நான் அப்படித்தான் பண்ணுவேன். “ரெக்கை இருக்குதுங்கப்பா”ன்னான். ஆமா, ரெக்கை இருக்குது. மறந்துட்டேன். ரெக்கை வெச்ச வண்டி ஓரம் கட்ட முடியாதுங்க. லாரியே மேல்.

உள்ளார வெக்கைன்னா வெக்கை. மேல போனாத்தான் காத்தாம். கதவைக் கால்ல முட்டுக் குடுத்துத் தொறந்து வெச்சுக்கிட்டேன். காதுல பெரிய மூடி மாதிரி ஒண்ணை மாட்டி விட்டிருந்தான். அதுல வெள்ளைக்காரன் லொடலொடன்னு பேசறான். நடுவுல பூபதி மூச்சு விடற சத்தம் கேக்கும். நீளமா விடுவான். வெளிய கேக்காதுங்க அந்தச் சத்தம், அந்த மூடிக்குள்ளதான் கேக்கும். ரெண்டு மணி நேரம் என்ற மகன் மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பன்னெண்டு மணிக்குப் பாப்பாத்தி போன் பண்ணினா. மூடியைக் கழட்டிட்டுப் பேசினேன்.

“எங்கீங்க இருக்கீங்க?”

“வரிசையில.”

“ஏரோப்பிளான்ல போறதுக்குமா வரிசை? நடந்து வந்திருக்கலாமாட்ட இருக்குதே.”

“முன்னால இருபத்தி ஆறுதான் இருக்குது, வந்துருவோம்.”

அப்பத்தான் வளர்மதி போனை வாங்கினா. “அப்பா, அண்ணன்கிட்டக் குடுங்க”ன்னா.

பத்தரே, ஆறு வருசத்துல அவ வாயில இருந்து அண்ணன்னு வந்து நான் கேட்டது அன்னைக்குத்தான். பூபதி என்னையே பாக்கறான், யாருன்னு. காதுல மூடி, கால் பிரேக்குல. நான் சொன்னேன், “அவன் வண்டி ஓட்டறான் அம்மிணி, ஓட்டறப்பப் பேசக் கூடாது. ஊருக்கு வந்து நேர்லயே பேசிக்குவீங்க.” சரிங்கப்பான்னு வெச்சுட்டா. ஓட்டறப்பப் போன் பேசறது தப்புத்தானுங்களே? முப்பத்தெட்டு வருசம் ஒரு ஆக்சிடெண்டு இல்லாம ஓட்டினவன் நான்.

அரை மணியில இருபத்தி ஆறு பதினேழு ஆச்சு, அப்பறம் பதினொண்ணு. பன்னெண்டே முக்கால். பதினொண்ணுதான், ஒண்ணரைக்குள்ள போயிரலாம்னு பூபதி மொகம் தெளிஞ்சுது. அன்னைக்கு மொத மொத சிரிச்சான். “பாப்பாவுக்கு என்னையத் தெரியுமுங்களாப்பா? போட்டோவுல காட்டியிருப்பாளா?”ன்னு கேட்டான்.

அப்பத்தான் நான் சொன்னேன். “பூபதி, இஞ்சின் சத்தம் சரியில்லை. சூடாயிருச்சு. நிறுத்து.”

“மீட்டர்ல சரியாத்தானுங்கப்பா காட்டுது.”

“மீட்டரை விடு. தட்டுது. எனக்குக் கேக்குது. நிறுத்திச் சித்தெ ஆற விடு.”

“சூடா இருக்கறப்ப நிறுத்தினா இந்த இஞ்சின் மறுபடி லேசுல எடுக்காதுங்கப்பா. அதோட கொணம் அப்படி.”

“எனக்கு இஞ்சின் கொணம் சொல்றயா?”

என்ற காது உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிட்டு நின்னாலும் வர்றது லேலண்டா டாடாவான்னு சொல்லுவேன், யாரு ஓட்டறாங்கன்னு சொல்லுவேன். எத்தனை வண்டியை என்ற காதை நம்பி இஞ்சின் எறக்கியிருக்காங்க இந்த ஊர்ல. பூபதி சின்ன வயசுல இருந்து பாத்தவன். என்னைய ஒரு தடவை பாத்தான். நிறுத்திட்டான்.

நான் எறங்கி அப்படியே சித்தெ நடந்துட்டு வந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள வரிசை நகந்திருச்சு. அந்தக் கிழவன் அத்தனை நேரம் தூக்கிப் புடிச்சிருந்த குச்சியை எறக்கிட்டு வா வாங்கறான். எங்க முன்னால பெரிய சந்து. பூபதி கதவைத் தொறந்து வெச்சு, “அப்பா! அப்பா!”ன்னு கத்தறான். ஓடி வந்தேன். ஓடி வந்தேன்னா, இந்த முட்டிக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. ஏறி உக்காந்தேன். சாவியைத் திருப்பினான். முன்னால இருக்கற காத்தாடி ரெண்டு சுத்துச் சுத்திட்டு நின்னுருச்சு. மறுபடி திருப்பினான். ஒரு சுத்து. மறுபடி. பாட்டரியும் எறங்கிருச்சு. பின்னால இருக்கறவனெல்லாம் எட்டிப் பாக்கறான். ஆரன் ஒண்ணு இல்லை, இருந்திருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்க.

ஆரஞ்சு சட்டைக்காரங்க நாலு பேரு வந்தாங்க. பூபதியும் எறங்கினான். கையாலயே தள்ளிப் புல்லுல ஓரங்கட்டினாங்க. நானும் தள்ளினேன். அந்தக் கிழவன் என்ற பக்கத்துல நின்னு தள்ளினான். மூச்சு வாங்குச்சு அவனுக்கு. அப்பறம் எனக்கு ஒரு பாட்டில் தண்ணி குடுத்துத் தோளைத் தட்டிட்டுப் போனான். நான் குடிக்கலை. கையிலயே வெச்சிருந்தேன்.

எங்களைத் தாண்டி ஒவ்வொண்ணாப் போச்சு. நாப்பத்தஞ்சாவது, நாப்பத்தாறாவது. எண்ணினேன், எண்ணாம இருக்க முடியலை. பதினெட்டு ஏரோப்பிளான் போச்சு எங்களைத் தாண்டி. எங்கிருந்தோ பாட்டரி வண்டி ஒண்ணு கூட்டிட்டு வந்து இஞ்சினை எடுக்க வெச்சாங்க. அப்ப மணி ஒண்ணு முப்பத்தி நாலு. மூடிட்டான். நாலு நிமிசம் பத்தரே. பூபதி போயி ஆரஞ்சு சட்டைக்காரன்கிட்ட நின்னு கெஞ்சறான். அவன் தலையை ஆட்டறான். சங்கடப்பட்டுத்தான் ஆட்டறான். ஆனா ஆட்டறான். நான் ஆறு மாநிலத்துச் செக்போஸ்ட் பாத்தவன், எந்த எடத்துலயும் பேச்சுல ஒரு வழி கெடைக்கும். அங்க கெடைக்கலை. திரும்பி வந்து இஞ்சினை நிறுத்திட்டு, ரெக்கைக்கு அடியில என்ற பக்கத்துல உக்காந்தான். தங்கச்சிக்கு அவனே போட்டான் போனை. எடுக்கலை அவ. மறுபடி போட்டான். அவன் நம்பரு அவகிட்ட இருக்குதோ இல்லையோ.

அப்பறம் தலைக்கு மேல ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் தலைகீழாப் பறக்கறான், ஒருத்தன் பொகையில வட்டம் போடறான், ஒருத்தன் விழுந்து செத்தே போயிட்டான்னு நினைக்கறப்ப மேல எந்திரிக்கறான். சனம் ஓன்னு கத்துது. நாங்க ரெண்டு பேரும் புல்லைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம்.

நாலரைக்கு வளர்மதி என்ற போனுக்குக் கூப்பிட்டா.

“எங்கப்பா இருக்கீங்க? நர்ஸக்கா வந்துட்டாங்க. பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டியாச்சு. மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டுட்டே இருக்கறா.”

“அம்மிணி, இங்க வந்து...”

அப்பப் பாத்து அத்தனை சனமும் கை தட்டுது. ஒலிபெருக்கியில ஒருத்தன் சந்தோசமாக் கத்தறான். பாட்டுப் போடறான்.

“என்னப்பா அது சத்தம்?”

“அது ஒண்ணுமில்லை அம்மிணி, மேல குட்டிக்கரணம்...”

“வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்களா?”

“இல்லை அம்மிணி, வரிசை...”

“அண்ணனுக்கு அவன் நோம்பிதான் பெருசு. எனக்குத் தெரியுமுங்கப்பா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” வெச்சுட்டா.

பூபதிக்குக் கேட்டிருக்கும். பக்கத்துலதானே உக்காந்திருந்தான். பையில இருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, “சாப்பிடுங்கப்பா, உங்களுக்குச் சக்கரை எறங்கிரும்”னான்.

ஆறு மணிக்குத் தொறந்தாங்க. எட்டே முக்காலுக்கு அவ ஊட்டு வாசல்ல நின்னோம். அந்த ஊர்ல அப்பவும் வெளிச்சம் இருக்குதுங்க. வளர்மதி கதவைத் தொறந்தா. பட்டுச்சேலையை மாத்திட்டா. “வாங்கப்பா”ன்னா. வாங்கப்பா, அவ்வளவுதான். பாப்பா ஓடி வந்துச்சு. ரெண்டு காதும் செவந்து கெடக்குது, நடுவுல குண்டூசித் தலையாட்ட இரும்புக் கம்மல், நர்ஸு கொண்டு வந்தது. வளர்மதி தன்ற மடியிலயே வெச்சுக் குத்த விட்டுட்டா. பாப்பா நேராப் பூபதிகிட்டப் போயி காதைக் காட்டுச்சு. “மாமா, ஊசி.” போட்டோவுல காட்டியிருக்கா பாருங்க. பூபதி மண்டி போட்டு உக்காந்து அந்தக் காதுக்குப் பூ பூன்னு ஊதினான். ஊதிட்டே இருந்தான்.

வளர்மதி என்னையப் பாத்தா. “என்னங்கப்பா ஆச்சு? நீங்க சொல்லுங்க”ன்னா. பூபதி நிமிந்து என்னையப் பாத்தான். பாப்பாத்தி பாத்தா. எல்லாரும் பாத்தாங்க.

“சித்தெ தண்ணி குடு அம்மிணி”ன்னேன்.

தண்ணி எடுக்கப் போனா. அதோட சரி. அடுத்த நாள் வெள்ளெனப் பூபதி கிளம்பிட்டான். கிளம்பறப்ப இந்த டப்பாவை என்கிட்ட வாங்கிப் பாப்பா கையில குடுத்தான். பத்து நாள் கழிச்சு நாங்க கிளம்பறப்ப வளர்மதி அதைப் பாப்பாத்தி பொட்டிக்குள்ள வெச்சிருக்கா. ஊருக்கு வந்து தொறந்தாத் தோடு.

அந்த வரிசை மட்டும் இல்லாம இருந்திருந்தா... என்ன கேட்டீங்க?

இஞ்சினா? நெசமாவே சத்தம் மாறுச்சான்னா?

நீங்க தங்கத்தை ஒரசறவரு, எங்க ஒரசணும்னு உங்களுக்குத் தெரியுது.

கடைக் கதவைச் சித்தெ சாத்துங்க.

அந்த இஞ்சின் சொக்கத் தங்கமா ஓடிட்டு இருந்துச்சுங்க. இப்ப நினைச்சாலும் காதுக்குள்ள இருக்குது, ஒரு பிசிறு இல்லை. நாலு டம்ளர் சர்பத். ரெண்டரை மணி நேரம். சக்கரைக்காரன். காத்தாடி சுத்தறப்ப எறங்க முடியாது, எறங்கினா ஆளையே சீவிரும்னு காலையிலயே சொல்லியிருந்தான். மைதானத்து ஓரமா நீலக்கலர்ல பொட்டி பொட்டியாக் கக்கூசு வெச்சிருந்தாங்க, கண்ணுக்கு முன்னாலயே தெரியுது. எனக்குக் கண்ணு இருட்டுது. பெத்த மகன்கிட்ட எப்படிங்க சொல்றது? அத்தனை பரீச்சை எழுதி, அத்தனை வெள்ளைக்காரனுக்கு நடுவுல வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருக்கான். அவன் சீட்டை நனைச்சுட்டா? இஞ்சின்னா கேட்டுக்குவான். என்ற காதுன்னா கேட்டுக்குவான்.

அந்தப் பொட்டிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பா. உள்ள போயிட்டேன், தொறக்கத் தெரியலை. பத்து நிமிசம் உள்ளாரயே தட்டிக்கிட்டு இருந்தேன். அதுலதான் வரிசை நகந்துருச்சு.

பூபதிக்குத் தெரியுமான்னா... நான் அந்தப் பொட்டியில இருந்து வர்றதை அவன் பாத்துட்டுத்தான் கத்தினான். தெரியாமயா இருக்கும். ஆனா ஒரு வார்த்தை சொல்லலைங்க, இன்னைக்கு வரைக்கும். அவனுக்கும் தெரியும், வரிசைதான் காரணம்னு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

டப்பாவை ஏன் மூடறீங்க? உருக்கச் சொன்னேன்ல. உருக்க மாட்டீங்களா? அது என்ன பேச்சு, காசு குடுத்து வாங்கினவன் சொல்றேன்... என்ற போனை எதுக்குங்க எடுக்கறீங்க? வளர்மதிக்கா? சாயங்காலம் ஆறு மணி, அங்க காலைல ஏழரை. எந்திரிச்சிருப்பா. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பற நேரம், இப்பப் போயி... இல்லைங்க, நாளைக்கு. நாளைக்குச் சொல்லிக்கறேன்.

அமுத்திட்டீங்களா?

ரிங்கு போகுது. என்ன பத்தரே நீங்க. எடுக்க மாட்டா, இந்த நேரத்துல எடுக்கவே மாட்...

அம்மிணி. அப்பன்தான். ஒண்ணுமில்லை, சும்மாதான். பாப்பா எந்திரிச்சாச்சா? காது ஆறிருச்சா? நல்லது. நல்லது. இங்க நம்ம பத்தர் கடையில இருக்கேன். ஆமா, நல்லா இருக்காரு. கேட்டாரு உன்னைய. இல்லை அம்மிணி, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. குரல் அப்படித்தான், தூசி. ஒரு வெசயம். அன்னைக்கு வந்து... அந்த ஏரோப்பிளான்... இரு, வெக்காதே. லைன்லயே இரு.

பத்தரே, சித்தெ தண்ணி குடுங்க.